கோர்ட்டிலும் ஜெயிலிலும் காண்ட்ராக்ட் வேலை: கணக்குக் கேட்பது எப்படி?

திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்து ஒரு நீதிமன்ற வளாகத்துக்குத் தூத்துப் பெருக்கப் போகிற அக்கா ஒருத்தர் எங்கள் தெருவுக்குப் பழக்கம். ஒருநாள் போனை நீட்டினார். "அண்ணாச்சி, சம்பளத்துல பி.எஃப்.னு மாசாமாசம் பிடிக்காவ. இதுல பாத்தா ஒண்ணுமே ஏறல. நான் யார்ட்ட போய்க் கேக்க?" சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார், கம்பெனியைக் கேள் என்றாராம். கம்பெனி ஆபீஸ் வேறு ஊரில். வளாகத்து அலுவலகத்தில் கேட்டதற்கு, "நீ காண்ட்ராக்ட் ஆளு, எங்களுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் பில் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். அந்த "சம்பந்தமில்லை" என்கிற வார்த்தை தப்பு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் காண்ட்ராக்டருக்கு ஒவ்வொரு மாதமும் பணம் போக வேண்டுமானால் ஒரு அரசு அதிகாரி பில்லில் "சேவை திருப்திகரமாக வழங்கப்பட்டது" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கருவூலத்தில் ஒரு ரூபாய் நகராது. ஆக சம்பந்தம் இருக்கிறது, மாதம் ஒருதடவை பேனா மையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கையெழுத்தை நோக்கித்தான் போகும்.

முதலில், எதெல்லாம் காண்ட்ராக்ட்?

நம் நாட்டில் அமெரிக்கா மாதிரி தனியார் ஜெயில் கிடையாது. பாளையங்கோட்டை மத்திய சிறையை நடத்துவது அரசுதான், காவலர்கள் அரசு ஊழியர்கள்தான், சோறு பொங்குவதுகூடப் பெரும்பாலும் கைதிகளே. ஆனால் பொங்குகிற அரிசி, பருப்பு, காய்கறி வெளியிலிருந்து வருகிறது. நீதிமன்றப் பக்கம் பார்த்தால் துப்புரவு, சில இடங்களில் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் பராமரிப்பு, ஜெனரேட்டர், சிசிடிவி கேமரா, லிஃப்ட் என்று வரிசையாக வெளியாட்கள். கட்டிடம் என்றால் பொதுப்பணித்துறை டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரர் கட்டுகிறார், காவல் நிலையம், சிறைக் கட்டிடம் போன்றவற்றில் பலதைக் காவலர் வீட்டு வசதிக் கழகம் இதே முறையில் கட்டுகிறது. தீர்ப்பு சொல்வது, காவல் காப்பது மாதிரி முகம் தெரிகிற வேலை அரசிடம், முகம் தெரியாத வேலை காண்ட்ராக்டரிடம்.

சின்ன வேலைதானே என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஜாமீனிலும் தண்டனைக் குறைப்பிலும் வெளியே வந்தவர்கள் காலில் மின்னணுப் பட்டை மாட்டிக் கண்காணிக்கும் வேலையை ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்திருந்தார்கள். 2013-ல் தணிக்கையில் பார்த்தால், செத்துப்போனவர்களுக்கும், திரும்ப ஜெயிலுக்கே போய்விட்டவர்களுக்கும் கூடப் பட்டை மாட்டியதாக அரசுக்குப் பில் போயிருக்கிறது. ஜி4எஸ் கிட்டத்தட்ட 10.9 கோடி பவுண்டும், செர்கோ 6.85 கோடி பவுண்டும் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. நம்மூரில் செத்தவர் பெயரில் மஸ்டர் ரோல் (வேலைக்கு வந்தவர் பட்டியல்) எழுதுவது தெரியும்தானே, அதேதான், கொஞ்சம் மின்சாரம் சேர்த்து. அங்கேயும் மாதாமாதம் வந்த பில்லை யாரோ ஒருவர் பாஸ் பண்ணியிருக்கிறார். அதே ஜி4எஸ் நடத்திய பர்மிங்ஹாம் சிறை 2018 ஆகஸ்டில் கைமீறிப் போய், அரசே உள்ளே புகுந்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கேயும் 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜாமீனில் வந்த ஒருவர் காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டியது. ஜாமீனில் விட்டவரை எந்நேரமும் பின்தொடர்வது மாதிரி நிபந்தனை போடக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. நாளைக்கு நம்மூரிலும் இப்படி ஏதாவது வந்தால், அதைப் பராமரிக்க ஒரு டெண்டர் வரும். இப்போதே கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

காசு செலவில்லாமல் பார்க்க முடிந்ததை முதலில் பாருங்கள்

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் போனையோ கம்ப்யூட்டரையோ எடுத்து உட்காருங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் நேரே மனு எழுதி, கேட்கத் தேவையில்லாததைக் கேட்டுத் தேவையானதை விட்டுவிடுகிறார்கள்.

காண்ட்ராக்ட் கம்பெனியின் முழுப்பெயர் வேண்டும். தொழிலாளியின் அடையாள அட்டையில் இருக்கும், சம்பளச் சீட்டில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய வரியில் இருக்கும். பெயர் கிடைத்ததும், பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் 'நிறுவனத் தேடல்' என்ற பகுதிக்குப் போங்கள். லாகின் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு ரூபாய், எத்தனை தொழிலாளர்களுக்கு என்று கட்டிய விவரம் வரும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான தணிக்கைக் கருவி வேறு இல்லை. வளாகத்தில் முப்பது பேர் பெருக்குகிறார்கள், கம்பெனி மொத்தமாகவே பத்துப் பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால் மீதி இருபது பேர் கதை என்ன என்று கேட்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதே கம்பெனிக்கு நாலு ஊரில் வேலை இருக்கலாம், இரண்டு பி.எஃப். எண்ணும் இருக்கலாம். எண்ணிக்கை கூடுதலாக இருப்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, குறைவாக இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

தொழிலாளி தன் கணக்கைத் தானே பார்க்க, யுஏஎன் (பி.எஃப்.-க்காகத் தொழிலாளிக்குத் தரும் நிரந்தர எண்) எண்ணோடு இணைத்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், குறுஞ்செய்தி வரும். மத்திய அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கே இருக்கிறது. பி.எஃப். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீடு என்றால் தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25. இரண்டும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. முதலாளி பங்கையும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பார்கள். 24 சதவீதம் பிடித்திருந்தால் அது சட்டவிரோதம், கேள்வியே இல்லை.

அப்புறம் டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. அரசு டெண்டர் இணையதளத்தில் பெரிய வேலைகளின் அறிவிப்பும் ஆவணமும் கிடைக்கும். அதில் "பணியின் வரையறை" என்று ஒரு பகுதி இருக்கும்: எத்தனை ஆள், எத்தனை ஷிப்ட், எந்த மருந்து போட்டுக் கழுவ வேண்டும், ஆள் வராவிட்டால் எவ்வளவு அபராதம். அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி, அவகாசத்தைக் குறைத்தால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். டெண்டரில் தோற்ற கம்பெனிக்குத்தான் மேல்முறையீட்டு உரிமை, அதுவும் 10 நாளுக்குள். நமக்கு அது இல்லை. நமக்கு இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.ஐ.

யார் பெயரில் மனு?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அக்கா பெயரில் நான் மனு எழுதவில்லை, என் பெயரில் எழுதினேன். காண்ட்ராக்ட் தொழிலாளி மனுப் போட்டால், அடுத்த மாதம் "ஆள் குறைப்பு" என்று நிறுத்திவிடுவார்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 6(2) பிரிவுப்படி எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக்கூடாது, எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். அதனால் வேலையில் இல்லாத ஒருவர், ஓய்வுபெற்றவர், தெருவில் யாராவது ஒரு வக்கீல் குமாஸ்தா, இப்படி ஒருவர் பெயரில் போடுங்கள். தொழிலாளியின் பெயரை, அவர் பெருக்கும் அறையைக்கூட மனுவில் குறிப்பிடாதீர்கள்.

நீதிமன்றம் சம்பந்தப்பட்டதென்றால் இன்னொன்று. வழக்கு ஆவணங்களை ஆர்.டி.ஐ.யில் கேட்காதீர்கள், அதற்கு நீதிமன்ற விதிப்படி நகல் மனு இருக்கிறது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. நாம் கேட்பது நிர்வாகத் தகவல், அது தடையில்லை. நீதிபதியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கோபத்தில் எழுதிய ஒரு வரி போதும், மனுவை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொள்வார்கள்.

மனு

"ஏன்", "எப்படி", "நியாயமா" என்று கேட்டால் பதில் வராது. 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற தகவலைத்தான் தர வேண்டும், புதிதாக யோசித்துப் பதில் எழுத வேண்டியதில்லை. எனவே நகல் கேளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு காகிதத்தின் பெயராக இருக்கட்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"தங்கள் வளாகத்தின் துப்புரவுப் பணி ஒப்பந்தம் தொடர்பாக, குறிப்பிட்ட இந்த மூன்று மாதங்களுக்குக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன். ஒப்பந்தப் பத்திரமும் பணி ஆணையும். ஒப்பந்ததாரர் மாதந்தோறும் அளித்த பட்டியல்கள் (பில்கள்). அப்பட்டியல்களின் மீது பணி திருப்திகரம் எனச் சான்றளித்த பக்கங்கள், சான்றளித்த அலுவலரின் பதவியுடன். பட்டியலுடன் இணைக்கப்பட்ட வருகைப் பதிவேடு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்தியதற்கான சலான்கள். பணிக்குறைவுக்காகப் பிடித்தம் செய்த அபராத விவரம். வருகைப் பதிவேட்டில் தொழிலாளர்களின் வங்கி எண், ஆதார் எண், முகவரி ஆகியவற்றைச் சட்டப்பிரிவு 10-ன்படி மறைத்து வழங்கலாம்."

மூன்று மாதம் மட்டும் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வருடக் கணக்கைக் கேட்டால் "அலுவலகப் பணி பாதிக்கும்" என்று எழுதித் தப்பிப்பார்கள், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் நமக்கும் கை கடிக்கும். மூன்று மாதத்தில் ஓட்டை இருந்தால் மீதியிலும் இருக்கும்.

கடைசி வரி முக்கியம். தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் ஆர்.டி.ஐ. 8(1)(j) பிரிவைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 திருத்திவிட்டது, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது முன்பைவிட எளிது. அதனால் நாமே முந்திக்கொண்டு, தனிப்பட்ட விவரத்தை மறைத்துக் கொடுங்கள் என்று எழுதிவிட வேண்டும். தேவையானால் 8(2)-ன்படி பொதுநலன் பெரிது என்றும் ஒரு வரி சேர்க்கலாம். வணிக ரகசியம் என்று 8(1)(d)-யைக் காட்டினால், டெண்டர் முடிந்து பணி ஆணை கொடுத்து அரசுப் பணம் போன பிறகு அதில் என்ன ரகசியம் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். காண்ட்ராக்டரிடம் ஆட்சேபம் கேட்டிருக்கிறோம் என்பார்கள், 11-வது பிரிவில் அது உண்டு, ஆனால் காண்ட்ராக்டர் மறுத்தாலே போதும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. முடிவெடுப்பது தகவல் அலுவலர்.

செக்யூரிட்டி ஆட்கள் என்றால் தனியார் பாதுகாப்பு முகமை ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ன் கீழான உரிமத்தின் நகலையும் பயிற்சிச் சான்றுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஆட்களைக் கொடுப்பது முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ என்றால் வேலை பாதி குறைந்தது, அது அரசுக் கழகம், நேராக அவர்களிடமே மனுப் போடலாம். கட்டிடம் என்றால் கேட்க வேண்டிய காகிதம் வேறு: எஸ்டிமேட், அளவுப் புத்தகம் என்கிற எம்-புக், தரப் பரிசோதனை அறிக்கை, கட்டி முடித்த பிறகு ஒப்பந்தக்காரர் பொறுப்பில் இருக்கும் பழுதுநீக்கக் காலம் எவ்வளவு என்பது. புதுக்கட்டிடத்தில் மழைக்கு ஒழுகினால் அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும், முடிந்தபிறகு கொடுத்தால் அரசுச் செலவு, இன்னொரு டெண்டர்.

ஜெயில் சாமான் விஷயத்தில் கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்த இருப்புப் பதிவேடு, எடை பார்த்துக் கையெழுத்திட்ட பக்கம். உள்ளே நாம் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் மாவட்ட நீதிபதி பார்வையிடுகிறார், அலுவல்சாரா பார்வையாளர்கள் இருக்கிறார்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல்கள் போய்வருகிறார்கள். சாப்பாடு சரியில்லை என்று உள்ளே இருப்பவரின் வீட்டார் சொன்னால், ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்கிற விஷயமானால் ஆர்.டி.ஐ. பதில் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதையும் மனுவின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டணம், அனுப்புவது

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் அதுவும் வேண்டாம், சான்று வைத்தால் சரி. நீதிமன்றங்களுக்கு உயர் நீதிமன்றம் தனிக் கட்டண விதி வைத்திருக்கிறது, அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். மனுவை ஸ்பீடு போஸ்டில் (பதிவுத்தபால் இப்போது அதோடு இணைந்துவிட்டது), ஒப்புகையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள், அந்த முத்திரைத் தேதிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் கணக்கு. தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பயமில்லை, 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை, கேட்டால் கேளுங்கள்: நகலோடு நிறுத்தாமல் "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி" என்றும் ஒரு வரி எழுதுங்கள். 2(j) பிரிவில் வேலையையும் ஆவணத்தையும் பார்வையிடும் உரிமை இருக்கிறது, பொருளின் மாதிரி எடுக்கும் உரிமைகூட இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. கோப்பின் இடதுபக்கக் குறிப்புத்தாளில்தான் உயிர் இருக்கும். எந்த கிளார்க் "சலான் இணைக்கப்படவில்லை" என்று எழுதினார், அதற்கு மேலே யார் "பாஸ் செய்யலாம்" என்று எழுதினார் என்பதெல்லாம் நகல் கேட்டால் பெரும்பாலும் வராது, உட்கார்ந்து புரட்டினால் தெரியும்.

பதில் வந்தபிறகு

பதில் தர அவர்களுக்கு 30 நாள். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும் அதிலிருந்து 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் தோற்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. வேண்டுமென்றே இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் உண்டு. ஆணையத்தில் எண் வருவதற்கு ரொம்பக் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒப்பந்தமே முடிந்துபோகும். அதனால் முதல் மேல்முறையீட்டை அக்கறையாக எழுதுங்கள், எந்தக் காகிதம் வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாக.

காகிதம் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன ஆள் எண்ணிக்கை, பில்லில் போட்ட எண்ணிக்கை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பி.எஃப். சலானில் உள்ள எண்ணிக்கை. நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். சம்பளத்தை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலியோடு ஒத்துப் பாருங்கள், டெண்டர் அதன்படிதான் போட்டிருப்பார்கள், கையில் வருவதுதான் குறையும். வருகைப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. அக்காவின் மாதங்களில் சலான் இருந்தது, ஆனால் அது வேறொரு ஊர் வேலையின் சலான். எவரும் புரட்டிப் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

இனி எங்கே போவது? பி.எஃப். என்றால் திருநெல்வேலியிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது, இணையவழிக் குறைதீர்ப்பிலும் பதியலாம். விசாரித்து வசூலிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கூலி பாக்கி என்றால் தொழிலாளர் துறை. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேர் என்று இருந்த வரம்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 50 ஆகிவிட்டது, சின்ன காண்ட்ராக்ட்களுக்கு இது பெரிய அடி என்பது என் எண்ணம். ஆனாலும் அடிப்படை மாறவில்லை: காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டரின் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். "சம்பந்தமில்லை" என்பவருக்கு இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

பொய்ப் பில், பொய்ச் சான்று என்று காகிதமே சொன்னால் லஞ்ச ஒழிப்புத் துறை. நீதிமன்ற ஊழியர் சம்பந்தப்பட்டதென்றால் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புப் பிரிவு, நமக்கு மதுரைக் கிளை. மொட்டைக் கடிதம் போடாதீர்கள், பக்க எண்ணோடு எழுதுங்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸின் திங்கள்கிழமை மனுநாளில் கொடுப்பதும் உண்டு, அங்கே கிடைக்கும் பதிவு எண் பயன்படும், ஆனால் நீதிமன்ற நிர்வாகத்தின் மேல் கலெக்டருக்கு அதிகாரம் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்து புது கம்பெனி வந்தால் ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான் இருப்பார்கள், சட்டையின் நிறம்தான் மாறும். அன்றைக்கே பழைய யுஏஎன் எண்ணையே புது கம்பெனியிடம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதிதாக இன்னொரு எண் போட்டு, பழைய பணம் ஒரு பக்கம் புதுப் பணம் ஒரு பக்கம் என்று நிற்கும். எங்கள் அக்காவுக்கு ஆறு மாதப் பணம் ஏறிவிட்டது, நாலு மாதம் பாக்கி. இப்போது மாதம் 20-ம் தேதி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மிஸ்டு கால் கொடுக்கிறார், கூட வேலைபார்க்கும் ஐந்து பேருக்கும் அவரே போனை வாங்கிப் போட்டுக் கொடுக்கிறார்.